அடையாளம் கண்டவர்: ரவிச்சந்திரன்

நடந்தவை, வரிசையாக:

1. டெக்சாஸில் நாங்கள் இருக்கும் ரவுண்ட் ராக்கிலிருந்து முக்கால் மணி நேர டிரைவில் ஒரு சிற்றூர். அந்த ஊர் மியூசியத்துக்கு ஒரு பண்ணைக் குடும்பம் பழைய எஞ்சின் ஒன்றை இலவசமாகக் கொடுத்தது.

2. மியூசியம் அதற்கு "பண்ணைப் பம்பு எஞ்சின்" என்று அட்டை வைத்தது.

3. அது பம்பு எஞ்சின் அல்ல, முதல் உலகப் போருக்கு முன்பு அமெரிக்காவில் செய்த ஒரு காரின் எஞ்சின் என்று நான் கண்டுபிடித்தேன். எந்தக் கார் என்பதையும் கண்டுபிடித்தேன்.

4. அட்டையை மாற்றினார்கள். கீழே "அடையாளம் கண்டவர்: உமாமகேஸ்வரி ரவிச்சந்திரன்" என்று அச்சடித்தார்கள்.

5. என் கணவர் மியூசியத்துக்குப் போன் செய்து அந்தப் பெயரின் முன்பாதியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டார்கள்.

6. மிச்சம் இருந்தது அவருடைய பெயர்.

7. அதன் பிறகு ஒரு போன் வந்தது. அது எனக்கு வந்த போன் என்பது எனக்கே வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. காத்திருந்ததில் விவரங்கள் மறக்க ஆரம்பித்ததுதான் மிச்சம். அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

முதலில் ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "அமெரிக்காவுல என்ன பண்றே?" என்று போனில் கேட்கும் எல்லாருக்கும் "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. என் கணவர் ரவி இங்கே எச்-1 என்ற வேலை விசாவில் இருக்கிறார். நான் எச்-4. எச்-4 என்றால் எச்-1 வைத்திருப்பவரின் மனைவி. கார் ஓட்டலாம், பால் வாங்கலாம், வரிசையில் நிற்கலாம். சம்பளம் வாங்கக் கூடாது. வீடியோ கடையில் மெம்பர் ஆகப் போனபோது கவுன்டரில் இருந்த பெண் என் சோஷியல் செக்யூரிட்டி நம்பரைக் கேட்டாள். எனக்கு இல்லை என்றேன். "அப்போ கணவர் நம்பரைச் சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன். இந்த நான்கு வருடங்களில் கரண்ட், டெலிபோன், அபார்ட்மென்ட், குழந்தையின் டாக்டர் என எல்லாவற்றுக்கும் அந்த நம்பரைத்தான் சொல்லியிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நான் மெக்கானிக்கல் எஞ்சினியர். கோயம்புத்தூரில் படித்தேன். எங்கள் வகுப்பில் மூன்று பெண்கள். லேபில் எஞ்சினைக் கழற்றும் நாளில் பையன்கள் கையில் ஸ்பேனரும் எங்கள் கையில் பேனாவும் வரும். "பொண்ணுங்க ரீடிங் எழுதிக்குங்க" என்பார் இன்ஸ்ட்ரக்டர். நான்கு வருடம் ரீடிங் எழுதினேன். கிரீஸ் படாத கை என்று கேலி செய்தார்கள். அதில் ஒரு லாபம் இருந்தது. பையன்கள் எஞ்சினைப் பிரித்தார்கள், நான் அளந்தேன். எந்த அளவை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது எழுதியவளுக்குத்தான் தெரிந்தது. பிறகு பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் இரண்டு வருடம் வார்ப்புப் பரிசோதனை பார்த்தேன். ஃபவுண்டரியிலிருந்து வரும் காஸ்டிங்கைக் கையால் தடவிப் பார்த்து, இது வார்க்கும்போதே வந்த மேடு, இது பிறகு யாரோ துளைத்த ஓட்டை என்று பிரித்துச் சொல்வதுதான் வேலை. கல்யாணம் ஆனதும் அதை விட்டேன்; மகள் பிறந்த பிறகு இங்கே வந்தோம்.

எங்கள் மகள் அபி கிண்டர்கார்ட்டன் போக ஆரம்பித்ததும் வாரத்தில் இரண்டு நாள் அந்த மியூசியத்துக்குப் போகத் தொடங்கினேன். அதை நடத்துபவர் டோனா, ஐம்பது வயது தாண்டியவர். வாலன்டியர்கள்தான் அந்த இடத்தை எப்போதும் நடத்தி வந்திருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் சம்பளம் இல்லை. டோனாவுக்கே அரைச் சம்பளம்தான். போகும் முன்பு ரவியின் கம்பெனி வக்கீல் அலுவலகத்துக்கு நானே போன் செய்து, எச்-4-இல் இப்படிச் சேவை செய்யலாமா என்று கேட்டேன். சம்பளம் இல்லாத, எப்போதும் வாலன்டியர்களே செய்கிற வேலை என்றால் தடையில்லை என்றார்கள். ரவியிடம் சொன்னேன். தலையாட்டினார்.

பழைய பருத்தி மூட்டைத் தராசு, தையல் மெஷின்கள், குதிரைச் சேணங்கள். தூசு தட்டுவதும் அட்டை எழுதுவதும்தான் என் வேலை. அந்த எஞ்சின் வந்த அன்று நான் இருந்தேன்.

*

நான்கு சிலிண்டர். ஒரு ஜோடி கழற்றித் தனியாக வைக்கப்பட்டிருந்தது. கொண்டு வந்து இறக்கியவர்கள், அது தங்கள் தாத்தா காலத்தில் கிணற்றுப் பம்பு ஓட்டியது என்றார்கள். டோனா அப்படியே எழுதச் சொன்னார். நானும் அப்படியேதான் அட்டை எழுதினேன். எழுதிவிட்டுத் தூசு தட்டும்போது கை நின்றது.

கீழ்ப்பெட்டி, அதாவது கிராங்க் கேஸ், அலுமினியம். கிணற்றடியில் அசையாமல் நிற்கிற பம்புக்கு அலுமினியத்தில் செலவழிக்க மாட்டார்கள். எடை குறைய வேண்டியது ஓடுகிற ஒன்றுக்குத்தான். பெட்டியின் இரண்டு பக்கமும் எஞ்சினைத் தாங்கும் கைகள் நீண்டிருந்தன. அவை சிமெண்ட் மேடையில் உட்காரும் கைகள் அல்ல, இரண்டு சட்டங்களுக்கு நடுவே தொங்கும் கைகள். ஃப்ளைவீலின் உள்பக்கம் சரிவாகக் கடையப்பட்டிருந்தது. அந்தக் காலத்துக் கார்களில் தோல் ஒட்டிய கூம்புக் கிளட்ச் உட்காரும் இடம் அது. பம்புக்குக் கிளட்ச் எதற்கு? வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு கவர்னர் பொருத்தியிருந்தார்கள். அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் தடவிப் பார்த்தேன். வார்ப்பில் மேடு இல்லை. சமதளத்தில் யாரோ துளைத்து மாட்டியிருக்கிறார்கள். கம்பெனி செய்தது வேறு, விவசாயி செய்தது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் விவசாயிக்குக் கீழே ஒரு கார் இருந்தது.

இது எனக்கு ஏன் உடனே தோன்றியது என்றால், அன்னூர்ப் பக்கம் எங்கள் உறவுக்காரர்கள் இதையே செய்வார்கள். வண்டி செத்துப்போனால் எஞ்சினை இறக்கிக் கிணற்றில் கட்டிவிடுவார்கள். யாரும் அதை வியப்பாகப் பேசமாட்டார்கள். டெக்சாஸ் விவசாயியும் அதையேதான் செய்திருக்கிறார். டோனாவுக்கு இதைச் சொன்னபோது அவர் சிரித்து, அப்படியானால் எந்தக் கார் என்று சொல் பார்க்கலாம் என்றார்.

அதற்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. மியூசியத்தில் பழைய கார் வியாபாரக் கையேடுகள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. மிச்சத்தை ஆஸ்டினில் நூலகத்தில் பார்த்தேன். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு கார் கம்பெனி. கையேடுகளில் வருடாவருடம் பட்டியல் போட்டிருப்பார்கள்: எத்தனை சிலிண்டர், ஒன்றாக வார்த்ததா ஜோடியாக வார்த்ததா, வால்வுகள் எந்தப் பக்கம், சிலிண்டரின் குறுக்களவு, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம். எங்கள் எஞ்சினில் சிலிண்டர்கள் ஜோடி ஜோடியாக வார்த்தவை. உள்ளே இழுக்கும் வால்வுகள் ஒரு பக்கம், வெளியே தள்ளும் வால்வுகள் எதிர்ப்பக்கம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில T எழுத்துப் போல இருக்கும் என்பதால் இதை டி-ஹெட் என்பார்கள்.

குறுக்களவை வைத்துத் தேடினேன். எதுவும் பொருந்தவில்லை. எந்தக் கம்பெனியும் அந்த அளவில் எஞ்சின் செய்யவில்லை. ஒரு மாதம் வீணாயிற்று. பிறகுதான் உறைத்தது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் தெருவுக்கு ஒரு ரீபோரிங் ஒர்க்ஷாப் இருக்கும், எனக்கு அது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். குறுக்களவை எந்த ஒர்க்ஷாப்பும் மாற்றலாம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் கிராங்க் ஷாஃப்டோடு பிறந்தது, அதை யாரும் மாற்ற முடியாது. மாறாததை வைத்துத் தேடினேன். ஏழு கார்கள் கிடைத்தன. ஜோடி வார்ப்பு, டி-ஹெட் என்று வடிகட்டியதில் மூன்று. தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோ உட்காரும் பக்கம் ஒன்றில்தான் பொருந்தியது. ஓஹையோவில் சில வருடம் மட்டும் கார் செய்து மூடிப்போன கம்பெனி. அதன் விளம்பரப் படத்தில் எங்கள் எஞ்சின் அப்படியே இருந்தது, கவர்னர் மட்டும் இல்லாமல்.

டோனா அந்தப் படத்தையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். உன் முழுப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல், தப்பில்லாமல் அச்சடிக்க வேண்டும் என்றார்.

*

முழுப் பெயர் என்பதில்தான் எங்கள் ஆட்களுக்கே உரிய சிக்கல் இருக்கிறது. கல்லூரியில் நான் கே. உமாமகேஸ்வரி. கே என் அப்பா. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது, கணவர் பெயரைப் போடுங்கள் என்றார் டிராவல் ஏஜென்ட். போட்டோம். அமெரிக்கா வந்து இறங்கியபோது நான் உமாமகேஸ்வரி ரவிச்சந்திரன். இந்த நாட்டுக்காரர்களுக்குப் பின்பெயர்தான் ஆள். முன்பெயர் வீட்டுக்குள் கூப்பிடுவதற்கு. இங்கே ஒரு குடும்பத்தில் பத்துப் பேருக்கு ஒரே பின்பெயர் இருக்கும், அது எந்தத் தனி ஆளின் பெயரும் இல்லை. எங்களுக்கோ அது ஓர் ஆளின் பெயர். அந்த ஆள் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்.

ரவுண்ட் ராக் தமிழ்க் குடும்பங்களுக்குச் சட்ட ஆலோசகர் சபாபதி அங்கிள். வக்கீல் இல்லை. இருபது வருடமாக இங்கே இருக்கிறார், சிட்டிசன், அவ்வளவுதான். சனிக்கிழமை டின்னர்களில் எல்லாருடைய கிரீன் கார்டு நிலவரத்தையும் அவர்தான் சொல்வார். அட்டையில் என் பெயர் வந்திருக்கிறது என்று ரவி பெருமையாகத்தான் சொன்னார். அதை மறுக்கமாட்டேன், அன்று அவர் முகத்தில் பெருமை இருந்தது. சபாபதி அங்கிள் சாம்பார்க் கரண்டியை வைத்துவிட்டு, "பிரின்ட்லயா வந்திருக்கு? எச்-4 வெச்சிக்கிட்டு? ஏன்பா, உன் கிரீன் கார்டு ஃபைல் அங்க நிக்கும்போது இதெல்லாம் எவிடன்ஸ்பா" என்றார். வக்கீல் அலுவலகத்தில் கேட்டதை நான் சொன்னேன். "அவங்க அப்படித்தாம்மா சொல்வாங்க. நாளைக்கு டினை ஆச்சுன்னா அவங்களா பொட்டி கட்டுவாங்க?" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். யாருக்கோ யாரோ சொன்ன கதைகள் இரண்டு வந்தன. ரவி அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் மியூசியத்துக்குப் போனபோது அட்டை புதிதாக இருந்தது. அடையாளம் கண்டவர்: ரவிச்சந்திரன்.

டோனாவிடம் கேட்டேன். என் கணவர் போன் செய்ததாகவும், என் முதல் பெயரை எடுத்துவிடச் சொன்னதாகவும் சொன்னார். எங்கள் கலாச்சாரத்தில் பெண்கள் தங்கள் பெயரைப் பொது இடத்தில் போட்டுக்கொள்வதில்லை, நான் கூச்சப்பட்டு அதைச் சொல்லாமல் இருக்கிறேன் என்று அவர் விளக்கினாராம். தெரியாமல் உன்னைச் சங்கடப்படுத்திவிட்டேன், மன்னித்துக்கொள் என்றார் டோனா. அவர் கண்ணில் உண்மையான வருத்தம் இருந்தது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரியும். அன்று "பரவாயில்லை" என்றேன். ரவிச்சந்திரன் என்பது முழுக்க முழுக்க வேறு ஆள் என்பது டோனாவுக்குத் தெரியாது. அவருக்கு அது என் பெயர்தான். புருஷனை விட்டுக் கொடுக்காமல் அதை எப்படி விளக்குவது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் பள்ளிக்கூட பஸ் வரும் நேரமாகிவிட்டது.

வீட்டில் கேட்டபோது ரவி டிவியைப் பார்த்துக்கொண்டே, கிரீன் கார்டு வரும்வரைதான், அதற்குப் பிறகு இரண்டு பெயரையும் போடச் சொல்லலாம் என்றார். அவருடைய பயம் பொய் இல்லை. அவருடைய டீமில் இரண்டு பேரை அனுப்பிவிட்டார்கள். வேலை போனால் விசா போகும், விசா போனால் எல்லாம் போகும். 2000-ஆம் வருடம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் குழம்பாமல் திருத்தும் ஒய்2கே வேலை முடிந்தபின் எத்தனை பேருக்குச் சீட்டுக் கிழியும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் அட்டையை விட்டுவிட்டேன். பயத்தை மன்னித்துவிடலாம் என்று நினைத்தேன்.

*

வசந்த காலத்தில் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பிக்னிக் போவது வழக்கம். இந்த முறை அந்த மியூசியத்துக்கும் பக்கத்துப் பார்க்குக்கும் போகலாம் என்று முடிவு செய்தார்கள். "நம்ம ரவியோட எஞ்சினைப் பார்க்கலாம்" என்றுதான் இ-மெயில் வந்தது. அட்டையைப் பார்த்த யாரோ போட்டோ எடுத்து எல்லாருக்கும் காட்டியிருக்கிறார்கள். ரவி அந்த இ-மெயிலுக்கு மறுப்பு எழுதவில்லை.

பத்துப் பதினைந்து பேர் எஞ்சினைச் சுற்றி நின்றார்கள். டோனா அன்று லீவு. அபி அட்டைக்குப் பக்கத்தில் போய் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ரவிச்சந்திரன் அவளுக்கும் பின்பெயர், அதனால் அதை அவளால் படிக்க முடியும். "மம்மி, தட்ஸ் அவர் நேம், நம்ம பேரு" என்றாள். "அம்மா பேர் எங்கடா?" என்றேன். "யூ டோன்ட் ஹாவ் டு ஹாவ் ஒன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஐந்து வயது. அவள் தப்பாக எதுவும் சொல்லவில்லை.

யாரோ ரவியை விளக்கச் சொன்னார்கள். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஆரம்பித்தார். டி-ஹெட் என்றால் மாடல் டி காருக்கு முந்தியது என்றார். தப்பு. கவர்னர் இருப்பதால் கார் என்று தெரிந்தது என்றார். தலைகீழ். சிலிண்டரின் குறுக்களவைப் பட்டியலில் மேட்ச் பண்ணியதாகச் சொன்னார். என் ஒரு மாதத்தை எது தின்றதோ, அதையே கண்டுபிடித்த வழியாகச் சொன்னார். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "சாஃப்ட்வேர்ல இருந்துக்கிட்டு இதெல்லாம் எப்படிப்பா?" என்று வியந்தார்கள். வீட்டில் குளிர்காலம் முழுக்க நான் இதைப் பேசியபோது அவர் காதில் இவ்வளவுதான் விழுந்திருக்கிறது.

அப்போதுதான் அதைச் சொன்னார்.

"சுகர் லேண்ட்லேர்ந்து ஒரு பெரிய ஆள் கூப்பிட்டாரு, அங்கிள். ஆயில் கம்பெனில இருந்து ரிட்டயர் ஆனவராம். இந்த மாதிரி முப்பது எஞ்சின் வெச்சிருக்காரு, எதுவும் என்னன்னு தெரியலையாம். வந்து ஐடென்டிஃபை பண்ணிக் குடுங்க, ஃபுல் டைம் ஜாப், விசா வேணும்னாலும் ஸ்பான்சர் பண்றேன்னாரு. எனக்கு ஜாப் இருக்கு சார், இது சும்மா ஹாபின்னுட்டேன்."

"விட்டுட்டியேப்பா" என்றார் சபாபதி அங்கிள். எல்லாரும் சிரித்தார்கள்.

"எப்பக் கூப்பிட்டாரு?" என்று கேட்டேன்.

"மார்ச்சுல" என்றார் ரவி. சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"அது எனக்கு வந்த போன்."

சபாபதி அங்கிள்தான் பதில் சொன்னார். "வீட்ல யாருக்கு வந்தா என்னம்மா? ஒரே நம்பர்தானே."

"இந்த எஞ்சின்ல பெட்ரோல் எந்தப் பக்கம் உள்ள போகுதுன்னு அவரைக் கேளுங்க அங்கிள்."

ரவி எஞ்சினைப் பார்த்தார். கை லேசாக எழுந்தது, எந்தப் பக்கமும் போகாமல் இறங்கியது. "உமா, வீட்ல பேசிக்கலாம்" என்றார். ஓர் ஆன்ட்டி, எலுமிச்சைச் சாதம் ஆறிப்போகுது, வாங்க எல்லாரும் என்றார். போனார்கள். பேப்பர் தட்டுகள் எடுக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வரும்போது அபி பின் சீட்டில் தூங்கிவிட்டாள்.

"நான் உன் பேர எடுக்கச் சொன்னேன். என் பேரப் போடச் சொல்லல" என்றார் ரவி.

"போன் வந்தப்போ?"

"மிஸ்டர் ரவிச்சந்திரனான்னு கேட்டாரு. ஆமான்னேன். அதுல பொய் என்ன இருக்கு?"

"என் வொய்ஃப்தான் கண்டுபிடிச்சான்னு சொல்ல எத்தனை செகண்ட் ஆகும்?"

"சொன்னா நீ சுகர் லேண்ட் போகணும்பே. மூணு மணி நேரம். அபிய யாரு பாத்துக்கறது? கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் என்ன வேணா பண்ணு. உன்ன யாரு வேணாங்கறா?"

அங்கேதான் மன்னிப்பு முடிந்தது. எனக்கு ஒரு வேலையும், அதோடு என் பெயரிலேயே ஒரு விசாவும், இந்த நாட்டில் அவருடைய நம்பரைச் சொல்லாமல் நிற்க ஓர் இடமும் அந்த போனில் வந்தன. பயந்துபோய் அதை விட்டிருந்தால் புரிந்துகொள்ள முயன்றிருப்பேன். அவர் பயந்து விடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் விட்டார். விட்டதைப் பிக்னிக்கில் கதையாகவும் சொன்னார்.

*

திங்கட்கிழமை டோனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பெயர் வைக்கும் முறையை ஒரு பேப்பரில் படம் போட்டு விளக்க வேண்டியிருந்தது. கலாச்சாரம் என்று சொன்னது கலாச்சாரம் இல்லை என்றேன். அவர் எழுந்து போய் விசாரித்துவிட்டு வந்தார். சுகர் லேண்ட் மனிதர் வந்த நாளில் தான் இல்லை என்றும், கவுன்டரில் இருந்தவர் அட்டையில் இருந்த பெயரை வைத்து எங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறார் என்றும் சொன்னார். பிறகு அந்த மனிதரின் நம்பரை எடுத்துக் கொடுத்து, தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். மன்னிப்புக் கேட்டார். மிச்சிகனிலிருந்து ஒருவரை ஏற்கெனவே வேலைக்கு வைத்துவிட்டதாகச் சொன்னார். பிறகு, அந்த எஞ்சின் மறுபடி கடையப்பட்டது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டார். பிஸ்டன் தூரத்தை வைத்துத் தேடியதைச் சொன்னேன். தான் வைத்த மிச்சிகன் ஆள் குறுக்களவை வைத்துத்தான் பார்க்கிறார், ஆறு எஞ்சின்கள் எந்தப் பட்டியலிலும் பொருந்தாமல் நிற்கின்றன என்றார்.

பத்து நாளில் ஒரு கவர் வந்தது. ஆறு எஞ்சின்களின் போட்டோக்கள், அளவுகளோடு. மேலே என் முழுப் பெயர் தப்பில்லாமல் இருந்தது. எனக்குச் சம்பளம் வாங்க அனுமதி இல்லை என்பது தனக்குத் தெரியும் என்றும், மியூசியத்தில் செய்தது போல ஓர் உதவியாகப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றும் கேட்டிருந்தார். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். பணம் போட்டுப் பொருள் வாங்கும் மனிதர், இதை மட்டும் உதவியாகக் கேட்டார். இங்கேயும் நான் ரீடிங் எழுதிக்கொடுக்க வேண்டுமாம்.

பார்க்காமல் திருப்பி அனுப்பினேன் என்று எழுத ஆசைதான். பார்த்தேன். சமையலறை மேடையில் ஆறையும் பரப்பி, அபி ஸ்கூலில் இருந்து வரும்வரை பார்த்தேன்.

இப்போதைய நிலவரம் இது. மியூசியத்தில் அட்டை மூன்றாவது முறையாக மாறியிருக்கிறது. "கே. உமாமகேஸ்வரி" என்று இருக்கிறது, நான் கேட்டபடி. சபாபதி அங்கிள் ரவியைக் கூப்பிட்டு எச்சரித்தாராம். ரவி அதை என்னிடம் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். நாங்கள் அபியின் ஸ்கூல், மளிகை, கார் சர்வீஸ் பற்றிப் பேசுகிறோம். கிரீன் கார்டு வரவில்லை. நான் இன்னும் எச்-4. போட்டோக்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன், கூடவே ஒரு வரி: முதலில் என் பெயரில் விசாவுக்கு மனுப் போடுங்கள், பிறகு பேசலாம். பதில் வரவில்லை. ஆறில் நான்கு எஞ்சின்கள் எவை என்று எனக்குத் தெரியும். யாருக்கும் சொல்லவில்லை.